அது ஐரனி இல்லட்டி

இன்று காலை பால் பாக்கெட்டோடு லிஃப்டுக்குள் நுழைந்தேன். என்னோடு இன்னொருவரும் ஏறினார். ஆகுர்டி தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் முடித்துத் திரும்புகிறவர், மூன்றாம் மாடிக்காரர். அவர் சட்டையிலிருந்து மெஷின் எண்ணெய் வாடை வந்தது. இரும்பும் எண்ணெயும் கலந்து லேசாகக் கருகின அந்த வாடை. இரண்டு வருஷமாக அது என் மூக்குக்கு எட்டாத தூரத்தில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

அவர் யாருடனோ போனில் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டாராம், கொடுக்கவில்லையாம். இப்போது கொடுத்திருக்கிறார்களாம், அன்றைக்குப் பார்த்து மச்சான் குடும்பத்தோடு வருகிறானாம். "என்ன ஐரனி பாரு!" என்றார்.

"அது ஐரனி இல்ல" என்று வாய்வரை வந்துவிட்டது. என் குரலில் அல்ல, உன் குரலில். என் மாடி வந்ததும் இறங்கி, கதவைத் திறந்து, பாலைக் காய்ச்சக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எழுதாமல் இந்த நாள் நகராது போலிருக்கிறது.

நாம் முதலில் பேசிக்கொண்டது கம்பெனி பஸ்ஸில். நான் அம்மாவிடம் போனில் "சரிங்கம்மா, வெச்சிடறேனுங்க" என்று சொல்லி முடித்ததும் பின் சீட்டிலிருந்து நீ எட்டிப் பார்த்தாய். "கோயம்புத்தூரா? பெத்த அம்மாவயே வாங்க போங்கன்னு பேசுத ஊரு அதுதானே" என்றாய். உன் ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று நீ சொல்லத் தேவையே இருக்கவில்லை. நாம் குடியிருந்த ஔந்திலிருந்து தொழிற்சாலை இருக்கும் ஆகுர்டி வரைக்கும் நாற்பது நிமிஷம். அதன்பிறகு தினமும் அந்த நாற்பது நிமிஷம் போதாமல் போயிற்று. நீ தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. நான் பணியாளர் பிரிவில் ஃபைல்களையும் நோட்டீஸ்களையும் மாதாந்திர இதழையும் பார்த்துக்கொள்கிறவள். மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் ஆண்கள் உன்னைப் பார்த்ததும் அவசரமாக ஹெல்மெட் மாட்டுவார்கள். நீ கடந்ததும் கழற்றுவார்கள். நீ பத்தடி போய்விட்டுத் திடீரென்று திரும்பி நிற்பாய். அதற்குள் கழற்றியவனுக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது.

உனக்கு அந்த ஒரு வார்த்தையின் மேல் ஏன் அத்தனை கோபம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மழைக்கோட்டை மறந்த அன்றைக்கு மழை வந்தால், பஸ்ஸில் ஒருவன் ஐரனி என்பான். கான்டீனில் ஒருவனும் பக்கத்து மேஜைக்காரனும் ஒரே நிறத்தில் சட்டை போட்டிருந்தால் அதற்கும் ஐரனி. நீ என் காதுக்குள் முணுமுணுப்பாய். "அது ஐரனி இல்லட்டி, அது சனியன்." இல்லாவிட்டால், "இது ஐரனி இல்ல, ஒரே கடையில துணி எடுத்திருக்கானுவ."

ஒருநாள் நான் சீண்டினேன். "தமிழ்ல அதுக்கு முரண்நகைன்னு பேரு, தெரியுமா?"

"நகையா? கழுத்துல போடுததா?"

"நகைன்னா சிரிப்பு புள்ள."

"அப்பச் சரி" என்றாய். "எதிர்பாராதது எல்லாம் ஐரனி ஆயிராதுட்டி. ஒருத்தன் ஒண்ணை நெனச்சு ஒரு காரியம் செய்யணும். அந்தக் காரியமே அவன் நெனச்சதுக்கு நேர் எதிரா வந்து நிக்கணும். சும்மா மழ பெஞ்சா அதுல யாரு என்ன செஞ்சா?"

அந்த வருஷப் பாதுகாப்பு வாரத்தில் உனக்கு உதாரணமும் கிடைத்தது. விழாவுக்கு மேடை போட்டிருந்தார்கள். சாமந்தி மாலை, வண்ணத்துணி, 'பாதுகாப்பே முதல்' என்று மராத்தியில் பெரிய எழுத்து. நீ மேடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். மேடையின் முதுகு, தீப்பிடித்தால் வெளியேற வைத்திருக்கும் கதவை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. "பாத்துக்கோ. இதுதான்! இதுதான்ட்டி ஐரனி!" புதையல் எடுத்தவள்போல் குதித்தாய். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நிமிஷம் பந்தல்காரனைக் கூப்பிட்டு மேடையைப் பிரிக்கவைத்தாய். தலைமை விருந்தினர் முக்கால் மணிநேரம் வெயிலில் நின்றார்.

அந்தச் சிரிப்பை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறது. ஆனால் முடியவில்லை.

அன்றைக்கும் மழை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். கீழே ஆட்கள் கத்தும் சத்தம் கேட்டு நான் மாடி அறையிலிருந்து ஓடிவந்தேன். நீ ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாயாம். முதுகுப்பக்கமாக ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வந்திருக்கிறது. பின்னால் எடுக்கும்போது அது 'பீப் பீப்' என்று அலற வேண்டும். அலறவில்லை. அந்த அலாரம் செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதை ஓட்டிய தத்தா என்ற டிரைவர் கீழே குதித்து, தலையில் கைவைத்து உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்த நிலையில் நீ அவனிடம் இந்தியில் "நீ முதல்ல வண்டியை ஆஃப் பண்ணு" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஊரிலிருந்து உன் அம்மா வந்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த வாரம்தான் தொழிற்சாலைத் தலைவர் என்னை அழைத்தார். "இதழில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். மனசைத் தொடுகிற மாதிரி. டெக்னிகல் விஷயம் எதுவும் வேண்டாம்" என்றார். எனக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. உன்னைப் பற்றி எழுதக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். ஒரு முழு நாள் உட்கார்ந்து எழுதினேன். முதல் வரி இன்றும் எனக்கு மனப்பாடம். 'விதியின் ஐரனியைப் பாருங்கள், நம் அனைவரையும் காத்தவரே இன்று அடிபட்டுக் கிடக்கிறார்.' ஆங்கிலத்தில் இன்னும் அழகாக இருந்தது. அச்சாகி வந்த முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

நீ இரண்டு தடவை படித்தாய். பிறகு இதழைக் கவிழ்த்துப் போர்வைமேல் வைத்தாய்.

"போட்டோ நல்லாருக்கு."

"எழுத்து?"

"ஏட்டி, அந்த அலாரத்தைப் பத்தி நான் மூணு கடுதாசி எழுதினேன்லா?"

"ஆமா."

"மூணுக்கும் நகல் உங்கிட்டதானே வந்துச்சு?"

"ஃபைல்ல இருக்குது."

"சத்தம் இல்லாத வண்டி ஒருநா யாரையாவது இடிக்கும்னு எழுதினேன். இடிச்சிட்டு. நடக்கும்னு சொன்னது நடந்தா அதுக்குப் பேரு ஐரனியா?"

"ஆனா உன்னையவே இடிச்சிடுச்சில்ல..."

"என்னைய இடிச்சா என்ன, அந்தக் கான்ட்ராக்ட் பயல இடிச்சா என்ன? யாராவது ஒருத்தர இடிச்சிருக்கும்." உனக்கு மூச்சு வாங்கியது. "ஐரனின்னு எழுதிட்டேன்னா எல்லாரும் ச்சு கொட்டிட்டுப் போயிருவாவ. பொறவு யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. நீயாட்டி அத எழுதுனே?"

"அடுத்த இதழ்ல திருத்திப் போட்டுடறேன்."

"அடுத்த இதழ்லயா" என்றாய். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். உன் அம்மா எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள். தின்றுவிட்டு வந்தேன்.

அதன்பிறகு நாலு நாள் நான் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலையெல்லாம் இல்லை. அத்தனை ஆசையாக எழுதிக் கொண்டுவந்தவளிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லக் கூடாதா என்ற வீம்புதான். ஐந்தாம் நாள் காலை உன் அம்மாவின் போன் வந்தது. காலிலிருந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள். நான் ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

கான்டீனில் இரங்கல் கூட்டம். நான்தான் நடத்த வேண்டும், மைக் என் கையில்தான். பேசியவர்கள் எல்லோரும் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். ஆங்கிலத்தில், இந்தியில், மராத்தியில், எந்த மொழியில் பேசினாலும் அந்த ஒரு வார்த்தை மட்டும் மாறவில்லை. தலைவர் என் வரியை அப்படியே ஒப்பித்தார். ஒவ்வொரு தடவையும் உன் குரல் வரும், "இல்லட்டி, இல்லட்டி." நான் நன்றி சொல்லி மைக்கை அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாயங்காலம் உன் வீட்டுக்கு எல்லோரும் போனோம். துக்கம் விசாரித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். உன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள்.

"ஏம்மா, வந்தவொ எல்லாரும் ஐரனி ஐரனின்னு சொல்லுதாவளே. நமக்கு அந்தப் பாஷை தெரியல. அப்படின்னா என்னம்மா?"

"விதின்னு சொல்றாங்கம்மா" என்றேன்.

"ஆங்... விதிதான்" என்று தலையாட்டினார்கள். "வேற என்னத்தச் சொல்ல."

அங்கிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். பாதி வழியில் திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாமல் மறுபடி நடந்தேன். இப்படி இரண்டு தடவை.

பத்து நாளில் கம்பெனியின் உள்விசாரணை அறிக்கை என் மேஜைக்கு வந்தது, ஃபைலில் சேர்க்கச் சொல்லி. ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்று முடித்திருந்தார்கள். அலாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன் மூன்று கடிதங்களைப் பற்றியும் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் என் வரி இருந்தது. 'நமது இதழே குறிப்பிட்டதுபோல, இது விதியின் ஐரனி.' அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்புவாயா? உடம்பெல்லாம் குளிர்ந்துபோய்ச் சிரித்தேன். உன்னை உயர்த்துவதற்காக ஆசை ஆசையாக எழுதிய வரி, நீ எழுதியதையெல்லாம் புதைக்கும் மண்ணாகிவிட்டது. ஒரு காரியம், நினைத்ததற்கு நேர் எதிராக. நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் கையைப் பிடித்து இழுத்து, இதுதான்ட்டி என்று குதித்திருப்பாய்.

அன்று மத்தியானமே தத்தா வந்தான். சஸ்பெண்ட் ஆகியிருந்தான், உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். கத்தவில்லை, அழவில்லை. "ஹார்ன் பந்த் ஹோதா, மேடம். துமாலா மாஹித் ஆஹே" என்றான். ஹார்ன் வேலை செய்யவில்லை, அது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், தப்புச் செய்தவன் அவன்தான் என்பதுபோல.

அரசாங்கத்தின் தொழிற்சாலை ஆய்வாளர் அடுத்த வாரம் வந்தார். அதற்கு முந்தின நாள் தலைவர் என்னை அழைத்து, "நீங்கள் இந்தக் குடும்பத்தில் ஒருத்தி" என்று சொன்னார். கடிதங்களை ஃபைலிலேயே விட்டுவிடு என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் உன் மூன்று கடிதங்களையும், வந்து சேர்ந்த தேதி முத்திரையோடு, நகல் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கூட்ட அறையில் எல்லோர் முன்னாலும் ஆய்வாளரிடம் கொடுத்தேன். என் கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து மேஜையெல்லாம் ஈரம். வீரம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கொடுத்தேன்.

அலாரம் மாட்டும்வரை எல்லா ஃபோர்க்லிஃப்டையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அறிக்கையைத் திரும்ப எழுதினார்கள். தத்தாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தலைவர் மாற்றலாகி வேறு ஊர் போனார். என்னை யாரும் எதுவும் செய்யவில்லை. பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு மட்டும் காலியாகவே வந்தது. இரண்டு மாதம் பார்த்தேன். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, ஔந்திலேயே ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்ந்துகொண்டேன்.

உன் வீட்டைக் காலிசெய்து உன் அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், போய்ச் சொன்னேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அன்னிக்கு நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேனுங்க. ஐரனின்னா விதியில்லைங்க. இவ விஷயத்துல அந்த வார்த்தையே சரியில்லீங்க."

முழுவதையும் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விடாமல் கேட்டார்கள்.

"மூணு தடவ எழுதினாளா?"

"ஆமாங்கம்மா."

"வச்சிருக்கியா? படி."

ஆங்கிலக் கடிதங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் கடிதம் நாலே வரி. இரண்டாவதில் வண்டி நம்பரெல்லாம் எழுதியிருந்தாய். மூன்றாவது உன் குணம் முழுக்க இருந்த கடிதம். 'வண்டிகள் இனி அமைதியாகவே ஓட வேண்டும் என்பது நிர்வாகத்தின் விருப்பமானால் அதை நான் மதிக்கிறேன். தொழிலாளர் அனைவருக்கும் முதுகிலும் ஒரு ஜோடிக் கண் பொருத்தித்தர ஏற்பாடு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.'

உன் அம்மாவின் உதட்டோரம் அசைந்தது. "கொழுப்பப் பாரு" என்றார்கள். பிறகு கண்ணிலிருந்து வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"இது வந்தன்னைக்கே நீ படிச்சியாம்மா?"

"படிச்சேனுங்க."

"பொறவு?"

"சிரிச்சேனுங்கம்மா. பக்கத்து சீட்டுக்காரங்களுக்கும் படிச்சுக் காட்டினேன். எல்லாருமே சிரிச்சோம்."

"அவ எழுதினா சிரிப்பு வரத்தான் செய்யும்" என்றார்கள். பிறகு குரலில் கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்டார்கள். "சிரிச்ச பொறவு?"

ஃபைலில் வைத்தேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துபோய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டுவந்தார்கள்.

இந்தக் கேள்விதான் என்னை எங்கேயும் உட்காரவிடாமல் துரத்துகிறது. நீ என்னை மன்னித்தாயா என்று கூட நான் இப்போதெல்லாம் யோசிப்பதில்லை. ஒரு காகிதம் கைக்கு வந்தால் அதைக் கீழே வைக்க முடிவதில்லை, அதுதான் எனக்கு ஆகிவிட்ட நோய். பள்ளியில் என்னைத் தொல்லை பிடித்தவள் என்கிறார்கள். எனக்குத் தெரியும்.

போன வாரம் பள்ளியின் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் கைப்பிடிக் கம்பி ஆடுவதாக, பெருக்கும் அம்மா வந்து சொன்னாள். எழுதிவைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பேனாவை வைத்துவிட்டு மேலே ஏறிப் போனேன். தொட்டுப் பார்த்தால் பால்பல்போல ஆடியது. இடைவேளை மணி அடிக்கக் கால்மணி நேரம் இருந்தது. வெல்டிங்காரருக்குப் போன் போட்டேன். நாளை வருகிறேன் என்றார். இப்போதே என்றேன். பிறகு அந்தக் கம்பிக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். பிள்ளைகள் இரைச்சலோடு இறங்கினார்கள், ஏறினார்கள். பிரின்சிபால் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒன்றரை மணிநேரம் கழித்துத்தான் அந்த ஆள் வந்தார். பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். சுற்றுமுற்றும் தரையைப் பார்த்தார். கீழே எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு அடிபட்டது, மேடம்?" என்று இந்தியில் கேட்டார்.

"யாருக்கும் இல்லை" என்றேன்.

"அப்புறம் ஏன் இவ்வளவு அவசரம்?" என்றார். நான் நகர்ந்து அவருக்கு வழிவிட்டேன்.